ரோசரி டீச்சரின் வைக்கோல் பெட்டி

பொன்மலை ரயில்வே காலனியில் ரோசரி டீச்சர் வீட்டுக் குப்பைத் தொட்டியைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்படி ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. ஒரு வீட்டில் குப்பை சேருகிறது என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். இது டீச்சரின் கட்சி. இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னார், கீரைக்காரியிடம் சொன்னார், ஒரு முறை கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுப் பங்குச் சாமியாரிடமும் சொன்னதாகக் கேள்வி.

அவர் வீட்டில் ஒரு சேலைக்கு நாலு பிறவி. கிழிகிற வரைக்கும் சேலை, பிறகு ஜன்னல் திரை, அதன் பிறகு தலையணை உறை, கடைசியில் தரை துடைக்கும் துணி. அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்குப் போகும், குளித்த தண்ணீர் வாய்க்கால் பிடித்து வாழைக்குப் போகும். வந்த கடிதங்களின் உறைகளைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி ஒட்டி, அதிலேயே பதில் போடுவார். அனுப்பியவருக்கே அவருடைய உறை திரும்பிப் போய்ச் சேர்ந்ததும் உண்டு.

இதில் அதிகம் அடிபட்டவர் கணவர் அமிர்தராஜ். ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க், சாதுவான மனிதர். அவருடைய பழைய காக்கிக் கால்சட்டையைக் கத்தரித்து டீச்சர் சந்தைப் பை தைத்தார். பை என்னவோ உறுதியான பைதான். ஆனால் முன்பக்கத்துப் பொத்தான்களை மட்டும் அவர் எடுக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு எடுக்கணும்?" என்றார். அமிர்தராஜ் ஞாயிறுதோறும் சந்தைக்குப் போய், தன் கால்சட்டைக்குள் கத்தரிக்காயும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தார்.

இத்தனைக்கும் டீச்சர் கை இறுகிய மனுஷி இல்லை. தபால்காரருக்கு மோர் கொடுக்காமல் அவர் அனுப்பியதில்லை. பசி என்று அவர் வாசலில் நின்றவர்கள் பசியோடு திரும்பியதில்லை. எது வீணாகப் போனாலும் அவருக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். ஆனால் அமிர்தராஜின் தங்கை லூர்துராணிக்கு இந்த வித்தியாசம் பிடிபடவே இல்லை. லூர்துராணி கைலாசபுரம் டவுன்ஷிப்பில் கேஸ் அடுப்பும் பிரஷர் குக்கருமாக வாழ்ந்தவள். கிறிஸ்துமஸ் அன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் அவள் சிரித்துக்கொண்டே, "எங்க அண்ணி குடிச்ச தண்ணியையே மறுபடி குடிக்கச் சொல்லுவாங்க, அவ்வளவு கஞ்சம்!" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். அந்தச் சொல் மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையில் தங்கிவிட்டது.

எழுபத்து நாலாம் வருஷம் பிறந்தபோது மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம் வந்தது. ரேஷன் கடை வாசலில் டின்களை வரிசையில் வைத்துவிட்டு ஜனங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தார்கள். விறகுக் கடைக்காரர் நேரம் பார்த்து ஈர விறகாக நிறுத்துக் கொடுத்தார். அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வகுப்பில் வெப்பம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஐஸ்காரர் ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருவது ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டார். வெளிச் சூடு உள்ளே போகாமல் இருக்க, என்று ஒரு பெண் சொன்னாள். டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டார். வெளிச் சூடு உள்ளே போகாது என்றால், உள் சூடும் வெளியே போகாதல்லவா?

ஒர்க்‌ஷாப்பில் ஏலம் போன பெரிய பலகைப் பெட்டி ஒன்றை அமிர்தராஜ் கொண்டுவந்தார். ஏதோ இயந்திரம் வந்த பெட்டி. பக்கவாட்டில் மேல் நோக்கிய அம்புக்குறியும் உடைகிற பொருள் என்பதற்குக் கண்ணாடித் தம்ளர் படமும் கறுப்பு மையில் குத்தியிருந்தன. டீச்சர் அதில் வைக்கோலை அடைத்து, நடுவில் பானைக்குக் குழி விட்டு, மேலே ஒரு வைக்கோல் மெத்தையும் தைத்துப் போட்டார். அடுப்பில் ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கி, பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டியது. மூன்று மணி நேரத்தில் மிச்சச் சமையலைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். இடையில் திறக்கக் கூடாது.

மூன்று ஞாயிறு முயற்சி செய்தார். மூன்று முறையும் சோறு நறுக்கரிசியாகவே இருந்தது.

"நீங்க திறந்து பாத்தீங்களா?" என்று டீச்சர் கணவரைக் கேட்டார்.

அமிர்தராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "லேசா" என்றார்.

"ஒரு பெட்டியைத் திறக்காம இருக்கத் தெரியலையே உங்களுக்கு!" என்று டீச்சர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். விஷயம் கைலாசபுரம் வரை பரவி, அண்ணனால்தான் அண்ணியின் பெட்டி கெட்டது என்று லூர்துராணியே உச்சுக்கொட்டினாள்.

உண்மை வேறு. பெட்டியைத் திறந்தவர் டீச்சர்தான். மூடிய அரை மணியில் ஒரு முறை திறப்பார், கணவர் திறந்துவிட்டாரா என்று பார்ப்பதற்காக. அவர் திறக்கவில்லை என்று தெரிந்ததும், திறந்ததுதான் திறந்தோம் என்று கரண்டியால் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். வேகவில்லையே என்ற கவலையில் இன்னொரு கால் மணியில் மறுபடியும் திறப்பார். இதையெல்லாம் திறந்த கணக்கில் அவர் சேர்க்கவில்லை. சோதனை வேறு, திறப்பது வேறு.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். பதினைந்து பேருக்கு மதிய விருந்து, ஆட்டுக்கறி பிரியாணி. வீட்டிலோ ஒரே ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். லூர்துராணி முந்தின வாரமே வந்து, "கவலைப்படாதீங்க அண்ணி, நான் கேஸ்ல ஆக்கி எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். டீச்சருக்கோ காதில் விழுந்தது வேறு. பெற்ற பெண்ணின் புதுநன்மைக்குக்கூட ஒரு வேளை சோறு ஆக்காத கஞ்சம் என்று காலம் முழுக்க ஊர் பேசும்.

"பெட்டியிலதான் ஆக்கப் போறேன். ஒரு மணிக்கு இலையில விழலைன்னா, இனிமே இந்த வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் நீயே ஆக்கிப் போடு. பெட்டியை உடைச்சு அடுப்புல வச்சுடறேன்" என்றார் டீச்சர்.

ஞாயிறு விடியற்காலையில் பிரியாணியைப் பெட்டிக்குள் இறக்கியாயிற்று. அப்புறம் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டி சமையலறையில் இருந்தால் சோதனை செய்யத் தோன்றும். ஆகவே கணவனும் மனைவியுமாக அதைத் தூக்கி, பக்கத்து வீட்டுக்கும் பொதுவான வராந்தாவில் வைத்துவிட்டு, ஜெசிந்தாவுக்கு வெள்ளை கவுனும் முக்காடும் போட்டுக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள்.

பூசை முடிந்து, ஜெசிந்தா நன்மை வாங்கி, எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது மணி பத்தாகிவிட்டது. வராந்தா வெறிச்சென்றிருந்தது.

பக்கத்து வீட்டுக் கலீல் ரயிலில் கார்டு. விழுப்புரத்துக்கு மாற்றலாகி அன்றுதான் கிளம்புகிறார் என்பது டீச்சருக்குத் தெரியும். அவருடைய சாமான் பெட்டிகளும் வைக்கோல் நீட்டிக்கொண்டு காலையில் அதே வராந்தாவில்தான் வரிசையாக இருந்தன. வீட்டுக்கு வீடு மாற்றல் வருகிற காலனியில், வராந்தாவில் கண்ணாடித் தம்ளர் படம் போட்ட வைக்கோல் பெட்டி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டிக்காரர் பிச்சை வந்து, பெட்டிகளுக்கெல்லாம் ஆணி அடித்துக் கயிறு கட்டி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பொறுப்பான மனிதர் என்று காலனியில் பெயர் எடுத்தவர்.

அந்த நேரம் பார்த்து லூர்துராணி வந்து இறங்கினாள்.

"அண்ணி, சோறு எங்க?"

"பெட்டியில."

"பெட்டி எங்க?"

"விழுப்புரம் போகுது" என்றார் அமிர்தராஜ்.

லூர்துராணி வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கையை உயர்த்தினார். "ஒரு மணி வரைக்கும் நீ எதுவும் ஆக்க வேணாம். பிள்ளையைப் பாத்துக்க, வர்றவங்களுக்குக் கலர் சோடா குடு." பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். அமிர்தராஜ் ஜங்ஷனைப் பார்த்து மிதித்தார். மேட்டில் ஏறும்போது, "இறங்கிக்கவா?" என்று டீச்சர் கேட்டார். அவருக்கு மூச்சு வாங்கியதால் பதில் வரவில்லை. டீச்சர் அதைச் சம்மதம் இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

ஜங்ஷன் பார்சல் ஆபீசில் ஒரே களேபரம். பார்சல் கிளார்க் ராசப்பன் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறார். பன்னிரண்டாவது பெட்டியைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. வைக்கோல் பெட்டி, உள்ளே சூடு, அப்படியென்றால் உள்ளே தீ. டீச்சர் நுழைந்த நேரத்தில் ஒரு போர்ட்டர் தண்ணீர் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டிருந்தார்.

"வாளியைக் கீழே வை!"

எட்டாம் வகுப்பில் ஐம்பது பிள்ளைகளை அடக்கிய குரல் அது. போர்ட்டர் வாளியை வைத்தார். அங்கிருந்த மற்றவர்களும் கையில் இருந்ததையெல்லாம் கீழே வைத்தார்கள். ராசப்பன் தன் பேனாவைக்கூட வைத்துவிட்டார்.

"அது தீ இல்லைங்க, பிரியாணி" என்றார் டீச்சர்.

"ஏம்மா, அடுப்பே இல்லாம பிரியாணி எப்படிம்மா சூடா இருக்கும்?"

டீச்சர் ஐஸ்காரரிலிருந்து ஆரம்பித்துப் பாடம் நடத்தினார். ராசப்பன் கடைசி வரை நம்பவில்லை. நல்லவேளையாக, அதே ரயிலில் போக வந்திருந்த கலீல் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தார். "பன்னெண்டா? என் சாமான் பதினொண்ணுதாங்க. ஐயோ டீச்சரம்மா, இது உங்க வீட்டுப் பெட்டியாச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிச்சைக்கு மட்டும் தான் செய்த தவறு கடைசி வரை விளங்கவில்லை. குறைந்தால்தானே குற்றம், கூடினால் என்ன என்பது அவர் வாதம்.

"சரிங்க, குடுத்துடறேன். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு ரிஜிஸ்டர்ல எழுதணும். பாக்காம எழுத முடியாது. திறங்க" என்றார் ராசப்பன்.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். அவருக்கும் திறக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. வெந்ததா, வேகவில்லையா? கல் ரோட்டில் குலுங்கிக் குழைந்துவிட்டதா? இங்கேயே தெரிந்துவிட்டால், வேகவில்லை என்றாலும்கூட லூர்துராணி முன்னால் தெரிவதைவிடத் தேவலாம். போர்ட்டர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரோசரி, திறக்கலாமா?" என்று அமிர்தராஜ் மெதுவாகக் கேட்டார்.

டீச்சர் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். "கூடாது" என்றார்.

பலகையில் ஒரு கணு ஓட்டை இருந்தது. வேறு வழியில்லாமல் ராசப்பன் குனிந்து அதில் மூக்கை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "பட்டை, லவங்கம்… கறி நல்லா வெந்திருக்கும்மா" என்றவர், ரிஜிஸ்டரில் 'சோறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிச்சையே பெட்டியைத் திருப்பிக்கொண்டுவந்தார்.

மணி ஒன்றுக்கு ஐந்து நிமிடம். பதினைந்து பேரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். லூர்துராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிச்சை தான் அடித்த ஆணிகளைத் தானே பிடுங்கினார். டீச்சர் மெத்தையை எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினார். குப்பென்று ஆவி எழுந்து அவர் கண்ணாடியை மூடியது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. முதலில் கேட்டது ஜெசிந்தாவின் குரல்தான்: "அம்மா, பூ மாதிரி இருக்கும்மா!"

ஏழரை மணி நேரம் ஒருவரும் திறக்காத பானை. கறி எலும்பை விட்டு வழுக்கி வந்தது, அரிசி ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நின்றது. பிச்சைக்கும் இலை போட்டார்கள். லூர்துராணி மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, "எங்க கேஸ்லகூட இப்படி வராது அண்ணி. என்ன பக்குவம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, திறந்து பாக்கக் கூடாது."

லூர்துராணி அண்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "கேட்டியா அண்ணே? நீ திறந்து திறந்து பாத்துத்தான் மூணு தடவை சோத்தைக் கெடுத்திருக்கே!"

"ஆமா, இனிமே திறக்க மாட்டேன்" என்றார் அமிர்தராஜ், வாய் நிறையச் சோற்றோடு. சைக்கிள் மிதித்த வேர்வை அவர் சட்டையில் இன்னும் காயவில்லை.

டீச்சரின் கரண்டி நின்றது. கஞ்சம் என்ற சொல்லுக்காகத் தான் இரண்டு மாதம் வெந்ததும், செய்யாத குற்றத்தை இந்த மனிதர் மூன்று ஞாயிறு முகம் சுளிக்காமல் சுமந்ததும் அவருக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. வெட்கமாக இருந்தது.

"அவரு ஒரு தடவைகூடத் திறக்கல லூர்து. திறந்தது நான்தான்" என்றார்.

அமிர்தராஜ் தலையை நிமிர்த்தவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று டீச்சர் அவரிடம் கேட்டார்.

"கரண்டிச் சத்தம் கேக்குமே."

"அப்பறம் ஏன் நீங்க திறந்ததா சொன்னீங்க?"

"நீயே திறந்துட்டேன்னா, உன் பெட்டியை நீயே நம்பலைன்னு ஆயிடும். அப்பறம் வேற யாரு நம்புவாங்க? நான் திறந்தேன்னா, என்னைத்தானே திட்டுவாங்க" என்றார் அமிர்தராஜ்.

டீச்சர் பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவி, லூர்துராணியின் வீட்டுக்காரருக்கென்று மனதில் ஒதுக்கி வைத்திருந்த பெரிய நல்லி எலும்பை எடுத்து, கணவரின் இலையில் வைத்தார்.