லால் பாஷா அண்ணன் செய்த நெட்டைப் பெட்டி

எதிர்வீட்டு இருளாயியின் மகளுக்குப் பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் லால் பாஷா அண்ணன், தான் செய்த ஸ்பீக்கர் பெட்டியை வண்டியில் கட்டி ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் பாட விட்டுப் பார்ப்பார். பச்சைக் குழந்தை தூங்கட்டும் என்றுதான். கேட்டால், "அங்க காத்து நல்லா வருதும்மா" என்பார்.

ஜூஜுவாடியில் எங்கள் தெருக்காரர் அவர். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நின்றவர். வேலை இல்லாத நேரமெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிதான். பிளைவுட்டை அவரே அறுப்பார். உள்ளே வைக்கும் ஸ்பீக்கர்களைப் பெங்களூரு போய்ப் பொறுக்கி வருவார்.

எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்கு மாடிக் கூடம். தரையும் சுவரும் டைல்ஸ், எல்லாம் எதிரொலிக்கும். கீழே ஹஜ்ரத் செய்யும் பயான், அந்த மார்க்கப் பேச்சு, எங்களுக்கு வெறும் இரைச்சலாக வரும். ரமலானுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றது கமிட்டி. செல்போன் கடை தௌசிப் பெரிய கம்பெனி ஸ்பீக்கர் இரண்டைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். கூடமே அதிர்ந்தது. ஒரு வார்த்தை பிரியவில்லை.

"சத்தம் வேற, பேச்சு வேறப்பா. நான் செஞ்சு தர்றேன்" என்றார் அண்ணன்.

ஆள் உயரத்துக்கு ஒல்லியாக ஒரு பெட்டி. அதில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் வரிசையாக. அதை மாடியில் நிறுத்திவிட்டு, கீழே போய் அவர் மைக்கில் பேசினார். மாடியில் நான் கேட்டேன். வார்த்தை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் காதுக்குள் ஊசி குத்தியது. பாவம், இத்தனை பாடுபட்டிருக்கிறாரே என்று, "நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகையில் பெண்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்னா பாய், தகரத்த அறுக்கற மாதிரி இருக்கு! என் பெட்டியவே மாட்டிரலாமா?" என்று சிரித்தார் தௌசிப்.

"அடுத்த ஜும்மா வரைக்கும் பொறுப்பா."

அன்று மாலையே அவரிடம் போனேன். "பொய் சொல்லிட்டேண்ணே. அன்னிக்கே காது கூசுச்சு."

அவர் கோபப்படவில்லை. "பிரஸ் ஷாப்ல போன காது, ஃபரீதா. கீச்சுச் சத்தம் எனக்குக் கம்மியாத்தான் கேக்கும். கேக்கலயேன்னு கூட்டிக் கூட்டி வச்சிட்டேன். கடையில வாங்குனத அப்பிடியேதான் மாட்டணும். இது நாம செஞ்சது, கொறைச்சுக்கலாம். இனி உன் காதுதான் எனக்கு."

மறுநாள் பெட்டியில் கீச்சுச் சத்தம் தரும் ஸ்பீக்கரின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "இன்னும் கூசுது!" என்று மாடிப்படியிலிருந்து கூச்சமில்லாமல் கத்தினேன். ஐந்தாவது தடவை, "இப்ப சரி" என்றேன்.

"எனக்கு மந்தமா இருக்கே?"

"இருக்கட்டும்ணே. எங்களுக்குச் சரி."

அடுத்த ஜும்மாவில் கடைசி வரிசைவரை ஒவ்வொரு சொல்லும் வந்தது. கீழே துஆ முடிந்து வெகுநேரம் கழித்து ஆமீன் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அன்று கீழே இருந்த ஆண்களோடு சேர்ந்து சொன்னோம், அல்ஹம்துலில்லாஹ். தௌசிப் தன் பெட்டிகளைத் தானே ஆட்டோவில் ஏற்றினார்.

பெருநாள் முடிந்து அண்ணன் கிருஷ்ணகிரிக்கு, மகள் ஃபிசா வீட்டோடு இருக்கப் போய்விட்டார். கிளம்பும்போது சலாம் சொல்லப் போனேன்.

"நான் என்னிக்காவது வந்து, மந்தமா இருக்கு, கொஞ்சம் கூட்டி விடறேன்னு பெட்டியில கை வச்சா, கையத் தட்டி விட்டுரு தங்கச்சி" என்றார்.