ரோசலிண்ட் மண்டலின் வாரிசு

பிரேம்குமார் சாகும்போது பெரிதாக எதுவும் சொல்லிவிட்டுச் சாகவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற புருஷன் யாருக்கு வாய்க்கிறானோ, பிரபாவுக்கு வாய்க்கவில்லை. "அங்கயாவது காலி பண்ணச் சொல்ல மாட்டாங்கள்ல?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

கேட்டதில் நியாயம் இருந்தது. ஹவுராவில் ஒரு லேத் பட்டறையில் ஆயுசு முழுக்க இரும்பைக் கடைந்தவர். அப்பா ரயில்வேயில் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டுக்காரன் மகனுக்குக் கல்யாணம் என்றான், இன்னொருவன் பில்டருக்குக் கொடுத்துவிட்டேன் என்றான், மற்றொருவன் காரணமே சொல்லாமல் தண்ணீரை நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் பீரோவைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது பிரேம்குமாருக்கு ஒரு சுற்று உடம்பு குறையும். பிரபா மட்டும் சந்து முனை வரைக்கும் வீட்டுக்காரனைத் தமிழில் திட்டிக்கொண்டே போவாள். வங்காளம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் திட்டுவதற்குத் தமிழ்தான் வாட்டம்.

"மாட்டாங்க. நீங்க நிம்மதியாப் படுங்க" என்று அன்றைக்கு வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்குக்குத்தான் கேடு வந்தது. கல்லறைத் தோட்டத்து ஆபீசில் இருக்கும் பிஸ்வாஸ் பாபு ஒரு நாள் ஃபோன் செய்து கூப்பிட்டார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். பிரேம்குமாருக்குக் கிடைத்தது தற்காலிக இடமாம். பத்து வருஷம் ஆனால் எலும்பை எடுத்துப் பின்சுவர் ஓரம் இருக்கும் பொதுக்குழியில் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு இடத்தைக் கொடுப்பார்களாம். அடக்கத்தன்று அவள் கையெழுத்துப் போட்ட தாளில் அது எழுதியிருக்கிறதாம். புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எவள் தாளைப் படிப்பாள்?

"வர்ற வருஷம் காலி பண்ணணும் தீதி."

"அட கர்த்தாவே, இங்கயும் வீட்டுக்காரனா!" என்று பிரபா தமிழில் கத்தியதில் பிஸ்வாஸ் பாபு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

நிரந்தர இடம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத பழைய கல்லறை ஒன்றைப் பிடித்து, அதன் வாரிசைத் தேடிக் கண்டுபிடித்து, ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். தேடியும் வாரிசே இல்லை என்றால் இன்னும் சுலபம், கமிட்டி கொடுத்துவிடும். பிஸ்வாஸ் பாபு அவளைத் நெட்டிலிங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஒரு பளிங்குக் கல்லைக் காட்டினார். இரண்டு பேருக்கான இடம். கல்லின் மேல்பாதியில் ஆங்கிலத்தில், 'ரோசலிண்ட் மண்டல், 1931–1964, வில்லியமின் அருமை மனைவி' என்றிருந்தது. கீழ்ப்பாதி மொழுமொழுவென்று வெறுமையாகக் கிடந்தது. அது வில்லியமுக்காக விட்ட இடம். வில்லியம் வரவேயில்லை.

ஐயோ பாவம் என்று பிரபாவுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. 'மேடான இடம், மழைக்குத் தண்ணி நிக்காது' என்றுதான் தோன்றியது.

பெங்களூரில் இருக்கும் மகன் பிரவீணிடம் சொன்னாள். அவன் ஏதோ மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து பேசினான். "எலும்புதானேம்மா, எங்க இருந்தா என்ன? நீ ஏன் அலையுற? இங்க எங்க சர்ச்சுல அப்பா பேர்ல ஒரு பலகை வெச்சிடலாம்."

"உங்கப்பா பலகையில படுக்க மாட்டாருடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே மழலைப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற பிரபா, முட்டிவலியோடு, செத்துப்போன ஒரு வங்காளிப் பெண்ணின் பூர்வோத்தரத்தைத் தேடிக் கிளம்பினாள். தேடியது கண்டுபிடிக்க அல்ல, யாரும் இல்லை என்று ஆக்க. ஒரு குடும்பம் பூண்டோடு அற்றுப் போயிருக்க வேண்டும் என்று ஜெபம் செய்வது பாவமா என்று பாதிரியாரிடம் கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கேட்காமலே ஜெபம் செய்தாள்.

அடக்கப் பதிவில் இருந்தது ஹவுராவில் ஒரு சந்தின் பெயர். அங்கே ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "தெரியாது" என்று சொன்னவர்களையெல்லாம் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே, நாம் வேண்டாம் என்று நினைக்கும்போதுதான் அதற்கு எல்லாம் ஞாபகம் வரும். ஒரு கிழவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி, "ரோசலிண்ட் தீதியா? எனக்கு ஃப்ராக் வெட்டக் கத்துக்கொடுத்தவளே அவதான்" என்றாள். அந்தச் சந்தில் ரோசலிண்ட் சின்னப் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தியிருக்கிறாள். சர்ச்சில் எல்லோரையும் விடச் சத்தமாக, ராகம் தப்பித்தான் பாடுவாளாம். ஒரு தடவை படகுத்துறையில் மாணவி ஒருத்தியை இடித்தவனை அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தாளாம்.

பிரபாவுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் வம்பு. ராத்திரி மீன் பொரிக்கும்போது, "ஏண்டி ரோசலிண்ட், உன் புருஷன் ஏன் உன் பக்கத்துல வந்து படுக்கல? நீயும் என்னை மாதிரி வாயாடியோ?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாள். வீட்டில் பதில் பேச ஆளில்லாமல் பல வருஷம் ஆயிற்று. யாரோடாவது பேச வேண்டாமா?

அந்தப் பதிலைச் சொன்னவர் ஷெஃபாலி மாஷிமா, நம்மூர்ப் பெரியம்மா மாதிரி. தையல்காரக் கிழவிதான் அவரிடம் அனுப்பினாள். எண்பது தாண்டிய பழைய நர்ஸ். காது மந்தம், நினைவு மட்டும் ஊசி. ரோசலிண்டுக்குக் காசநோய் வந்து சானட்டோரியத்தில் கிடந்தபோது அந்த வார்டில் வேலை பார்த்தவர்.

"அவளுக்கு ஒரு பொண்ணு இருந்தது, அணிமான்னு பேரு. சின்னக் குழந்தை. தொத்திக்கும்னு உள்ள விட மாட்டோம். அப்பன்காரன் கேட்டுக்கு வெளிய தோள்ல தூக்கிக்கிட்டு நிப்பான். இவ ஜன்னல்ல இருந்து கையை ஆட்டுவா. குளிர்காலம் வந்ததும் போயிட்டா. கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டிருந்தா. நோயாளி தொட்டதுன்னு அதையும் கொளுத்திட்டோம்."

"அந்தப் பொண்ணு?" என்று பிரபா அவர் காதருகே குனிந்து கேட்டாள்.

"வில்லியம் அழுது புரண்டுதான் அந்தக் கல்லை வெச்சான், தனக்கும் இடம் விட்டு. வருஷம் திரும்பல, இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டான். பொண்ணு புது அம்மாகிட்ட ஒட்டவே இல்ல. அதனால என்ன சொல்லிட்டான் தெரியுமா? உங்கம்மா ஆஸ்பத்திரில இருந்து எவன்கூடவோ ஓடிப்போயிட்டான்னு சொல்லிட்டான். செத்துப்போன அம்மாவை நினைச்சு குழந்தை ஏங்கும், ஓடிப்போனவளைத் திட்டும். திட்டத் தொடங்கினா இவகிட்ட வந்துடும்னு கணக்கு. கணக்கு பலிச்சுது. நான் அப்பவே சொல்லியிருக்கணும். நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

அந்த அணிமா உயிரோடுதான் இருக்கிறாளாம். ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வுபெற்று, பெஹாலாவில் தனி ஃப்ளாட்டில். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அன்றைக்கு ஹவுரா படகில் திரும்பும்போது பிரபாவுக்கு முதலில் வந்தது கோபம். வில்லியமை நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்ட வேண்டும் போல இருந்தது. அப்புறம் வந்தது பயம். விஷயத்தைச் சொன்னால் அந்தப் பெண் ஓடிவந்து கல்லைக் கட்டிக்கொண்டு அழுவாள். கீழ்ப்பாதியைத் தனக்கென்று வைத்துக்கொள்வாள். வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, பெற்ற மகள். பிரேம்குமார் பொதுக்குழிக்குப் போவார், யார் யாருடைய எலும்போடோ.

அடுத்த நாள் பெஹாலாவுக்குக் கிளம்பினாள். காளிகாட் வரை மெட்ரோ, அங்கிருந்து பஸ். வழியெல்லாம் சொல்லிவிடலாம் என்றும் வேண்டாம் என்றும் மனசு அடித்துக்கொண்டது. 'முதல்ல ஆளைப் பார்ப்போம்' என்று ஒத்திப்போட்டாள்.

அணிமா மண்டல் கதவைத் திறந்தார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நிமிர்ந்த முதுகு. நன்றாகவே உபசரித்தார். டீ வந்தது, தட்டில் சந்தேஷ் இனிப்பு வந்தது. பிரபா புருஷன் கதையைச் சொன்னபோது நிஜமாகவே இரக்கப்பட்டார். கல்லறையில் இருக்கும் பெயரைச் சொன்னதும் முகம் கதவு சாத்தியதுபோல ஆயிற்று.

"அவளுக்குக் கல்லறை இருக்கா? இந்த ஊர்லயா?"

பிரபா தலையாட்டினாள்.

"அப்போ கூட்டிட்டு ஓடினவன் துரத்திவிட்டிருப்பான். நாதியில்லாமத் திரும்பி வந்து செத்திருக்கா." அணிமா டீக் கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றினார். "எங்கப்பா கல்லு வெச்சாரா? என்ன எழுதியிருக்கு?"

"அருமை மனைவின்னு."

"பாத்தீங்களா? அதுதான் எங்க பாபா. மானத்தை வாங்கிட்டு ஓடினவளுக்கும் நல்ல வார்த்தை எழுதியிருக்கார். என்கிட்ட மூச்சு விடல. அவர் சாகுற வரைக்கும் நான் அவரைத் தலைமேல வெச்சுப் பாத்துக்கிட்டதுல தப்பே இல்ல."

பிரபாவின் வாய் திறந்தது. 'உங்கம்மா ஓடல, உனக்கு ஸ்வெட்டர் பின்னிட்டுச் செத்தா' என்று ஒரு வரிதான். நாற்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்த வாய் அது, வீட்டுக்காரன்களை நடுங்க வைத்த வாய். ஆனால் அணிமா அதற்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துவிட்டார். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். திறந்த வாயில் பிரபா ஒரு சந்தேஷைப் போட்டுக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே அணிமா ஒன்று சொன்னார். "ஒரு விஷயம் தீதி. அந்தப் பேரு அங்க இருக்கக் கூடாது. அழிச்சிடுங்க. உங்க வீட்டுக்காரர் நிம்மதியா இருக்கட்டும்." வாசல் வரை வந்து வழியனுப்பினார். முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார்.

பஸ்ஸில் தாள் பைக்குள் இருந்தது. பிரபாவுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வில்லியம் ஒரு பெண்டாட்டிக்காகச் சொன்ன பொய்யை, இவள் ஒரு புருஷனுக்காக வாயை மூடிக்கொண்டு காப்பாற்றிவிட்டாள். இரண்டு பேரும் பாசத்தினால்தான் செய்தார்கள், என்ன பாசமோ!

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கமிட்டி ஒப்புக்கொண்டது. ரோசலிண்டின் எலும்பை யாரும் தொடவில்லை, அவளுக்குப் பக்கத்துப் பாதியில் பிரேம்குமாரை மாற்றினார்கள். "இன்னொருத்தி பக்கத்துல படுக்க வெச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க. அவ நல்லவ" என்று பிரபா முணுமுணுத்தாள். கல் செதுக்குகிறவன் பளிங்கைத் தட்டிப் பார்த்து, இவ்வளவு நல்ல கல்லை உடைப்பானேன் என்றான். புரட்டிப் போட்டுவிட்டு முதுகுப்பக்கம் பிரேம்குமாரின் பெயரை வெட்டினான். ரோசலிண்டின் பெயர் மண்ணைப் பார்த்துக் குப்புறக் கிடந்தது. அணிமாவின் நம்பரைப் பிரபா தன் ஃபோனில் வைத்திருந்தாள். சில சாயங்காலம் எடுத்துப் பார்ப்பாள். கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் கல்லை மறுபடி புரட்ட வேண்டிவரும்.

கடைசி வேலையாக ஆபீசில் பதிவேட்டை நிரப்பினார்கள். பிஸ்வாஸ் பாபுவுக்கு ஒரே சந்தோஷம். "அவர் எலும்பாத்தானே வந்திருக்கார், அதே பாதியில உங்களுக்கும் இடம் இருக்கு தீதி. இனிமே யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு அப்புறம் வாரிசு யாரு? பேரும் ஃபோன் நம்பரும் சொல்லுங்க."

பிரவீணின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். சொல்ல வாயெடுத்தாள். என்றைக்கோ ஒரு நாள் எவரோ இடம் கேட்டு வருவார்கள், இந்த ஆபீசிலிருந்து பெங்களூருக்கு ஒரு ஃபோன் போகும். அவன் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து, எலும்புதானே, எடுத்துக்கோங்க என்பான். நின்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவான். கெட்டவன் இல்லை, பாவம், வேலை அதிகம்.

"யாரும் இல்லைன்னு எழுதிக்கோங்க" என்றாள்.

பிஸ்வாஸ் பாபு நிமிர்ந்தார். "மகன் இருக்காரே? அடக்கத்துக்கு வந்திருந்தாரே?"

"இல்லைன்னு எழுதுங்க பாபு. மகன்னு ஒருத்தன் பேரு இருந்தா ஒரு ஃபோன்ல கதை முடிஞ்சிடும். யாரும் இல்லைன்னு இருந்தாத்தான், எவளாவது ஒருத்தி இந்த இடம் வேணும்னு சந்து சந்தா ஏறி இறங்குவா. யாரு இந்த பிரபா, எப்படி இருந்தா, என்ன பேசினான்னு நாலு பேர்கிட்ட கேப்பா. அதுவாவது நடக்கட்டும்."

பிஸ்வாஸ் பாபு மறுபடி பதிவேட்டுக்குக் குனிந்தார். அவள் சொன்னபடியே எழுதினார்.