கழுவெளிக்கு எந்தப் பக்கமாகப் போவது?

இன்று இரவு என் மச்சினன் துபாய்க்குத் திரும்புகிறான். அதற்குள் கழுவெளி ஏரியின் பூநாரைகளை வீடியோ எடுத்து, துபாயில் இருக்கும் தன் மகளுக்கு அனுப்பியாக வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டான்.

திண்டிவனத்திலிருந்து ஏரிக்குப் போக இரண்டு பக்கம் உண்டு.

"காலையில மரக்காணம் உப்பளத்துப் பக்கமா போங்க. வெயில் முதுகுல இருக்கணும்" என்றாள் என் மனைவி.

நான் கிளியனூர் பக்கம் காரைத் திருப்பினேன். அங்கே ஒரு கடையில் போண்டா பிரமாதமாக இருக்கும். வெளியே சொன்ன காரணம், "இதுதாம்மா ஷார்ட் ரூட்."

போண்டாவில் குறையில்லை. ஏரிக்கரையில்தான் கண்ணைத் திறக்க முடியவில்லை. எதிரே சூரியன். கூட்டம் கூட்டமாகப் பறவைகள், அத்தனையும் கறுப்பு.

"இத அனுப்புனா எம்பொண்ணு காக்கான்னு சொல்லிடுவா மாமா" என்றான் மச்சினன். பாவம், குரலே இறங்கிவிட்டது.

மனைவி என்னிடமிருந்து சாவியை வாங்கினாள். ஏரியைச் சுற்றிக்கொண்டு மரக்காணம் போய், உப்புக் குவியல்களைத் தாண்டி வண்டியை நிறுத்தினாள்.

அதே பறவைகள்தான். ஒன்று சிறகை விரித்தது. உள்ளேயிருந்த சிவப்பைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன்.

"அக்கா, செம்மக்கா!" என்று கத்தியபடியே மச்சினன் வீடியோ எடுத்து அனுப்பினான். உடனே மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது: "அப்பா, வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வா!"

இதை எழுதும் நிமிடம் வரை "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மனைவி ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவளைக் கண்டு இவ்வளவு வியந்ததும் இல்லை, இவ்வளவு பயந்ததும் இல்லை.

அனுபவசாலிகள் சொல்லுங்கள், அந்த ஒரு வரி எப்போது வரும்?