உப்புக் காபியும் சி பிளஸ் பிளஸும்

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏசி அறைக்குள் சாமி அறைக்குள் போவதுபோலப் போவோம். பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்: பத்து, இருபது, முப்பது. ஏதாவது விட்டுப்போனால் நடுவில் பதினைந்தைச் செருகிக்கொள்ளலாம். எந்த வரியிலிருந்தும் எந்த வரிக்கும் தாவலாம், எங்கிருந்தும் எந்தக் கணக்கையும் மாற்றலாம். கேட்க ஆளில்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

என் கணவருக்கு ஓசூரில் வேலை, அங்கேயே ஓர் அறையில் வாசம். எங்கள் குடும்பம் என்பது சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து, திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறிப் போய்விடும். வழியில் மாரண்டஹள்ளி வருவதற்குள் தூங்கிவிடுவேன் என்று அவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அழுகையாக வரும்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் இருப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, சி பிளஸ் பிளஸ் என்ற புது மொழி தெரிந்த ஆள் தேடினார்கள். அவர் பெங்களூரிலிருந்து ஒரு புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

“இதைப் படிச்சிட்டீன்னா ரெண்டு பேரும் ஒரே வூட்ல இருக்கலாம்.”

பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு கெஞ்சலாகப் பேசியதில்லை.

படித்தேன். ஒரு பொருளின் விவரங்களையும் அது செய்கிற வேலைகளையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அது ஆப்ஜெக்ட். மற்றவர்கள் அதனுள்ளே கை விடக்கூடாது, வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். தலையை நன்றாக ஆட்டினேன். பிறகு பார்த்தால் புதிய மொழியிலும் வரி விட்டு வரி தாவுகிற பழைய ‘கோட்டூ’ இருந்தது. பிறந்த வீட்டு ஆளைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. முழு ஸ்டோரையும் ஒரே கட்டாக, ஒரே ‘கிளாஸ்’ஸில் போட்டு, எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிட்டு, இஷ்டத்துக்குத் தாவித் தாவி எழுதி முடித்தேன். ஓடவும் ஓடியது.

இன்டர்வியூ அன்று காலை ஓசூர் அறையில் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் காபி போட்டேன். ‘சர்க்கரை’ என்று எழுதியிருந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி. ஒரு வாய் குடித்ததும் வாசலுக்கு ஓடித் துப்பினேன். அத்தனையும் உப்பு.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து சிரித்தார். “யாரைக் கேட்டு டப்பாவத் தொறந்த? எறும்பு வருதுன்னு சர்க்கரைய அரிசி டின்னுக்குள்ள வெச்சிருக்கேன். என்ன வேணுமோ எங்கிட்டக் கேளு, எடுத்துத் தர்றேன்.”

“இது வூடா, பொதையல் வெச்ச காடாங்க?” என்றேன். கோபம்தான்.

தொழிற்சாலை மேனேஜர் அறை வாசலிலும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினேன். “போட்டுட்டே வரலாம்மா” என்றார். நான் பிரிண்ட் எடுத்து வந்திருந்ததைப் புரட்டிப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

“ஏம்மா, இது பேசிக்தானே? சட்டையை மட்டும் மாத்திப் போட்டிருக்கீங்க. ஸ்டோர்ல எத்தனை போல்ட் இருக்குங்கிறத இதுல யார் மாத்தலாம்?”

“எங்கிருந்து வேணும்னாலும் மாத்தலாம் சார்” என்றேன், அதுதான் வசதி என்பதுபோல.

“மாத்தினா என்ன ஆகும்?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். காலையில் துப்பிய உப்பு நாக்கில் அப்படியே இருந்தது. ஒரே வீடு கையை விட்டுப் போவதற்குள் பிரிண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“சார், ஒரு மெஷின் குடுங்க. மத்தியானத்துக்குள்ள மாத்தி எழுதித் தர்றேன்.”

இருப்பை உள்ளே வைத்துப் பூட்டினேன். போல்ட் வேண்டுமா, ஸ்டோரைக் கேள். இருந்தால் கொடுக்கும், கொடுத்ததைத் தானே கழித்துக்கொள்ளும். என் பழைய வரிகள் வழக்கம்போல உள்ளே கையை விட்டபோதெல்லாம் மெஷின் தப்பு என்றது. எனக்கு மட்டும் அது “யாரைக் கேட்டு?” என்று அவர் குரலில் கேட்டது.

வேலை கிடைத்தது. நான் பெட்டியோடு ஓசூர் வந்து இறங்கிய அன்று, புதிதாக வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் அடுக்களை அலமாரியில் ஒரு தட்டைத் துடைத்துக் காகிதம் விரித்துக் காலியாக வைத்திருந்தார்.

“இது உன்னுது. உன்னைக் கேக்காம தொட மாட்டேன்.”

மறுநாள் காலை பார்த்தால் அந்தத் தட்டில் என்னைக் கேட்காமலே அவருடைய உப்பு டப்பா உட்கார்ந்திருந்தது. சண்டை போட நியாயம் என் பக்கம் இருந்தது, புத்தகமும் என் பக்கம்தான். அன்று செவ்வாய்க்கிழமை, முன்பென்றால் அவர் ஓசூரிலும் நான் தர்மபுரியிலும் இருக்கிற நாள். அவர் பக்கத்து அறையில் இருந்தார். டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு, சர்க்கரை எங்கே என்று அவரைக் கேட்டேன்.