நஷ்டமே இல்லாத கடை

ஜொகூர் பாரு கோர்ட்டில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது பத்து வயதில். தும்மினால்கூடப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நம்பி, மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு முட்டிச் செத்திருந்தால் நாளிதழில் என் படமாவது வந்திருக்கும்.

அதே ஊரின் தம்போய் பகுதியில் அப்பாவும் மாமாவும் சேர்ந்து டயர் கடை நடத்தினார்கள். லைசென்ஸ் மாமாவின் பெயரில். ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பெண்டாட்டியின் அண்ணனிடம் யார் கையெழுத்துக் கேட்பார்கள்? திடீரென்று மாமா, "மாப்பிள்ளை என்கிட்ட வேலை செஞ்ச ஆளுதான்" என்று சொல்லிவிட்டார். அப்பா கூட்டாளியா, வேலையாளா என்பதுதான் வழக்கு.

வெளியே வைத்து எங்கள் வக்கீல் அப்பாவுக்குப் பாடம் நடத்தியிருந்தார். "அண்ணே, லாபத்துல பங்கு எடுத்தேன்னு மட்டும் சொன்னா பத்தாது. சம்பளம்னு சொல்லிருவாங்க. நஷ்டத்தையும் சுமந்தாத்தான் கூட்டாளி. கடை படுத்தப்போ கைக்காசு போட்டீங்கல்ல, அதச் சொல்லுங்க." வெள்ளம் புகுந்த வருஷம் கடை வாடகைக்காக அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது எனக்கே தெரியும். ஆனால் அண்ணனுக்கு எதிரே அம்மாவைக் கூண்டில் ஏற்ற அப்பா சம்மதிக்கவில்லை.

அப்பா ஏறினார். பின்பெஞ்சில் டயர் சப்ளை செய்கிறவர்களும் வாடிக்கையாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடை நஷ்டத்துல ஓடினப்போ என்ன செஞ்சீங்க?" என்றார் வக்கீல்.

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "நஷ்டமா? எங்க கடையிலயா? ஒருநாளும் கிடையாது லா!"

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார், 'லா'வையும் விடாமல்.

"அண்ணே, நல்லா யோசிச்சு..."

"யோசிக்க என்னா இருக்கு? பின்னால இருக்காங்க, கேட்டுப் பாருங்க!"

அத்தனை பேர் முன்னால் கடை படுத்தது என்று எந்த வியாபாரி சொல்வான்? முதலாளியைத் தவிர வேறு யாருக்கு அந்த ரோஷம் வரும்? அது கோர்ட்டுக்கு விளங்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நான் கைதட்டினேன். காவலர் முறைத்தார். ஜெயிலில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் போடுவார்களா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

லைசென்ஸும் வங்கிக் கணக்கும் மாமாவுடையவை. மாதாமாதம் வாங்கியது சம்பளமாகவும் இருக்கலாம். நஷ்டத்தைச் சுமந்ததற்குச் சாட்சியம் இல்லை. ஆகவே கூட்டு வியாபாரமே இல்லை என்று தீர்ப்பானது.

வேறு வேலை அமையவில்லை. சில வாரம் கழித்து அப்பா என்னையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அதே கடைக்குப் போனார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்று எனக்கு ஒரே குஷி. கடை திறந்துதான் கிடந்தது, மாமா எதிரேதான் உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலிலேயே நின்று கதவைத் தட்டினார். திறந்திருக்கிற கதவை எதற்குத் தட்டுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.