பருந்துக்கு வீசிய துண்டு

குஜிலியம்பாறைப் பக்கம் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில் அந்த மீன்பிடி நடந்தது 2006ஆம் ஆண்டு வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆனியில் நடந்தது என்று மச்சான் இன்றும் சாதிப்பார். நம்ப வேண்டாம். ஆனியில் அந்தக் குளத்துக்குள் ஆடுதான் மேய்ந்தது.

முந்தைய ஐப்பசி மழையில்தான், வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த குளம் நிரம்பியது. அதற்காக ஊரார் கருவேல முள்ளை வெட்டி, வண்டல் அள்ளி, மடையைச் சரிசெய்து காத்திருந்தார்கள். தண்ணீர் வந்த கையோடு ஜிலேபிக் கெண்டையும் எங்கிருந்தோ வந்து, குட்டி போட்டுக் குடும்பம் பெருக்கியது. அந்தக் குளத்துக்குப் பேர் வாங்கித் தந்திருந்த விரால் மட்டும் ஒன்றுகூட இல்லை. மச்சானுக்கு அது தூக்கத்தைக் கெடுத்த குறை. ஆத்தூர் அணைப் பக்கம் போய் உயிர் விராலாகப் பார்த்து வாங்கினார். குடத்தில் போட்டு, திண்டுக்கல்லில் பஸ் மாறி, மடியில் வைத்துக் கொண்டுவந்து குளத்தில் விட்டார். குடத்துக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம், "நெறமாசம்ப்பா உள்ள. பள்ளம் மேடு பாத்து ஓட்டச் சொல்லு" என்றாராம்.

அவை குஞ்சு பொரிக்குமுன் கோடை முந்திக்கொண்டது. தண்ணீர் முழங்காலளவுக்கு வற்றியதும் ஊரே இறங்கி மீன் பிடிப்பது அங்கே வழக்கம். ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார்; அதற்குமுன் ஒரு கால்கூடத் தண்ணீரில் படக் கூடாது. மச்சான் ஊர்க்கூட்டத்தில் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். விரால்களை முதலில் அவர் வலைபோட்டு எடுத்துவிடுவார். அடுத்த மழைவரை அவை அவருடைய பம்புசெட் தொட்டியில் இருக்கும். அதன்பின் ஊரார் ஜிலேபியை வழித்துத் துடைத்துக்கொள்ளலாம். அவசரக்காரன் எவனாவது முன்கூட்டியே வீசிவிடுவான் என்று துண்டையும் அவரே வாங்கிக்கொண்டார். அன்று வேறு யாரும் வெள்ளைத் துண்டு போட்டு வரக் கூடாது என்றும் உத்தரவு. பெரியவர்கள் பலர் வெற்றுத் தோளோடு, எதையோ பறிகொடுத்த மாதிரி நின்றார்கள்.

விடிந்ததும் நானும் அவரும் வலையோடு இறங்கினோம். கரை முழுக்கக் கூட்டம். கூடை, பழைய சேலை, கொசுவலை, ஒருவர் கையில் கட்டில் சட்டம். எங்களுக்குப் பொறுமையாக யோசனை சொன்னார்கள்.

"என்னப்பு, விராலுக்கு வரச் சொல்லிச் சீட்டு எழுதிப் போட்டியளா?"

"செத்த நேரம் சும்மா இருங்கப்பா."

எப்படியோ பிடித்துவிட்டோம். விரால்கள் கரையோரம் ஓர் அண்டாவில் நெளிந்தன. மச்சானின் முகத்தில் பெண் பார்த்து முடித்த களை. அப்போது மேலே சுற்றிக்கொண்டிருந்த பருந்து ஒன்று அண்டாவைக் குறிவைத்துச் சர்ரென்று இறங்கியது.

"ஏய்! ஏய்! போ!" என்று மச்சான் தோளில் கிடந்ததை உருவித் தலைக்குமேல் சுழற்றினார்.

பருந்து போய்விட்டது. ஊர் வந்துவிட்டது.

"ஏலே, துண்டு பருந்துக்குடா! பருந்துக்கு!" என்று அவர் கத்தினார்.

"யாருக்கு வீசுனா என்ன? வீசியாச்சுல்ல!" என்றார் கட்டில் சட்டக்காரர், ஓட்டத்தை நிறுத்தாமல்.

அண்டா உருண்டது. விரால்கள் சேற்றுக்குள் பாய்ந்தன. ஊரும் பின்னாலேயே பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா விராலும் வெவ்வேறு வீடுகளுக்குப் புறப்பட்டுப் போய்விட்டன.

மச்சான் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு மாப்ள. இனி நம்ம குளத்துக்கு ஜிலேபிதான்."

விரால் காற்றையும் சுவாசிக்கும், தண்ணீருக்கு வெளியிலும் வெகுநேரம் தாங்கும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். அதைவிட, உயிரோடு அறுத்து வைக்கும் விரால் குழம்புக்குத்தான் ருசி என்பது ஊருக்கே தெரியும். உலை வைக்கும்வரை எல்லார் வீட்டிலும் அது அண்டாவில் நீந்திக்கொண்டுதான் இருக்கும். "மசாலா அரைக்கிறதுக்குள்ள போயிரலாம், எந்திரிங்க" என்றேன்.

முதல் வீட்டிலேயே பேரம் தொடங்கியது. "சும்மா குடுத்துட்டு ஞாயித்துக்கெழமை கத்தரிக்காயா திங்கிறது? கோழி தாங்க" என்றார் அந்த வீட்டம்மா. மச்சான் யோசிக்காமல் சரி என்றார். கோழிகள் என் அக்காவுடையவை.

"உங்க மீனுக்கு ஏங்கோழியா?" என்று அக்கா கூண்டை மறித்துக்கொண்டு நின்றது. "தம்பி, நீயும் இதுக்குக் கூட்டா?"

நான் அதற்குள் கூண்டின் பின்கதவைத் திறந்திருந்தேன்.

ஒரு வீட்டில் முட்டை போடுகிற கோழிதான் வேண்டும் என்று அடம். இன்னொரு வீட்டில் விரால் ஏற்கெனவே புளியில் கிடந்தது. மச்சான் சட்டிக்குள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். கட்டில் சட்டக்காரர் வீட்டில் அது அண்டாவிலிருந்து துள்ளிக் குளியலறைக்குள் புகுந்திருந்தது. உள்ளே அவர் தலைக்குச் சீயக்காயோடு நின்றார்.

"கண்ணத் தொறக்க முடியல! கால்ல ஒரசுது! சீக்கிரம் வாங்கய்யா!"

"துணி கட்டியிருக்கியளா?"

"அதப் பாக்கவா வந்தீங்க? மீனப் பிடிங்கய்யா!"

பாதிக்குமேல் மீட்டுவிட்டோம். அவை பம்புசெட் தொட்டியில் ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசியைக் கழித்தன. ஐப்பசியில் குளத்துக்குத் தண்ணீர் வந்ததும் கொண்டுபோய் விட்டோம். அதன்பின் மச்சான் தினமும் கரைக்குப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். கார்த்திகை பிறந்த சில நாளில் மடைக்கு அருகே செந்நிறமாக ஒரு குஞ்சுக்கூட்டம் மேலெழும்பியது. அடியில் பெரிய விரால் ஒன்று காவலாகச் சுற்றியது.

அன்றே ஊர் இரண்டுபட்டது. "அது எங்க அண்டாவுல கெடந்த விரால். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார் முட்டைக் கோழி வாங்கியவர். புளியில் போட்ட வீட்டார்கூட, தங்களுடையது அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்றார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தூண்டிலோடு வந்தபோது கட்டில் சட்டக்காரர்தான் மறித்தார்.

"அது எங்க வீட்ல குளிச்ச மீனுய்யா. மருவாதயா போயிரு."

குஞ்சுகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று மச்சான் மெல்லத் தண்ணீரில் கால் வைத்தார். கரையிலிருந்து நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"யாருய்யா அது? எட்டப் போங்க! பிள்ளைக பயந்துக்கிரும்!"

மச்சான் காலை எடுத்துக்கொண்டு, பெரிய மனிதரைப் போல எட்டப் போய் நின்றார்.