கப்பியில் கட்டிய காப்பு

அன்று படகுத்துறையில் நானும் பங்களாவின் சமையல்கார அண்ணனும் மட்டும்தான் இருந்தோம். முதலாளி கொழும்பில் இருந்தார். அவருடைய பாய்ப்படகைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன மாதமே வேலையை விட்டு நீர்கொழும்புக்குப் போய்விட்டார். அம்மா மேல்மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் முதலாளியும் கூட்டாளிகளும் படகுப் பந்தயம் விடுவதாக இருந்தது. படகின் கயிறுகளெல்லாம் நைந்து கிடந்தன. புதுக்கயிறு வந்ததும், "நானே மாத்திருவேன் சேர்" என்று வாயை விட்டுவிட்டேன். சரியாகச் செய்தால் படகு என் பொறுப்பு, பிசகினால் கொழும்பிலிருந்து ஆள் வரும் என்றார் முதலாளி. எனக்கு அப்போது விருந்தாளிகளின் பெட்டி தூக்கும் வேலை. உயர்தரப் பரீட்சை வரை படித்த பிள்ளை தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுக்கு மூட்டை தூக்கித்தான் சம்பளம் கொண்டுவந்தது.

மூன்று நாள் ஆங்கிலக் கையேட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கயிறு கோத்தேன். என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு கயிறுதான். பாயை உள்ளே இழுப்பதும் அதுதான், காற்று ஓங்கினால் உடனே விட்டுவிட வேண்டியதும் அதுதான். மூன்று கப்பிகளுக்குள் புகுந்து வருகிறது. நாலு தடவை அவிழ்த்து நாலு தடவை கோத்தும் மனசு ஆறவில்லை.

அன்று காலை அம்மா மாரியம்மன் கோவில் மஞ்சள் காப்புக் கயிற்றைக் கையில் திணித்தாள்.

"தண்ணியில எறங்குறதுக்கா ஒன்னய படிக்க வச்சோம்? இதயாவது படகுல கட்டு."

கட்டக்கூடாது என்றுதான் இருந்தேன். வேலை முடிந்ததும் கை கேட்கவில்லை. முதலாளி கண்ணில் படாத இடமாகப் பார்த்து, பாயின் அடிக்கட்டைக்குக் கீழே அதே கயிறு ஓடும் கப்பியில் கட்டினேன்.

ஓட்டிப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்.

"வெயிட்டுக்குச் சும்மா ஒக்காருங்கண்ணே, போதும்."

"வெயிட்டுக்கா? சோத்தக் கொறைன்னு என் பொண்டாட்டி சொன்னது சரியாப் போச்சு" என்று ஏறினார். உயிர்காப்புச் சட்டையை இரண்டு தடவை இறுக்கிக் கட்டினார். அவருக்கு நீந்தத் தெரியாது. மூன்று பிள்ளைகள்.

நடுத்தண்ணீர் வரை நன்றாகவே போனது. திடீரென்று மலையிடுக்கிலிருந்து காற்று இறங்கியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"விடுடா தம்பி! கயித்த விடு!"

"விட்டுட்டேண்ணே, போக மாட்டேங்குது!"

அண்ணாந்து பார்த்தேன். நனைந்து தளர்ந்த மஞ்சள் நூல் கப்பிக்குள் இழுபட்டுச் சக்கரத்தோடு சுருண்டு கிடந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்திருந்த பிடி ஒரு வாரம் வலித்தது. கயிறு நறுக்க வைத்திருந்த காய்கறிக் கத்தி காலடியில் கிடந்தது. எடுத்துப் புதுக்கயிற்றை அறுத்தேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வெளியே போக, படகு நிமிர்ந்தது.

துடுப்பு வலித்துக் கரை சேர்ந்ததும் அண்ணன் சொன்னார்: "கல்லுல ஒரசி அறுந்துச்சுன்னு சொல்லிருவோம்."

நடுத்தண்ணீரில் கல் ஏது? முதலாளிக்குப் போன் போட்டு நூல் கட்டியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆள் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் நீயே கட்டு. கயிறு உன் செலவு" என்றார்.

படகு என் கையிலேயே நின்றது. பாதியை நான் தருகிறேன் என்று அண்ணன் அடம்பிடித்தார். பதினாலு மீற்றர் கயிறும் அதை ஹட்டன் பஸ்ஸில் அனுப்பிய கூலியும் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.